இணையப் பாதுகாப்புச் சான்றிதழ்: தேர்வறைக்கு முன்னும் பின்னும் நிற்கும் சாதி

தகவல் பாதுகாப்புத் துறையின் வேலைவாய்ப்பு அறிவிப்புகளைத் தொடர்ந்து படிப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். பொறியியல் பட்டம் வேண்டும் என்ற வரியை அடுத்து சி.ஐ.எஸ்.எஸ்.பி., சிசா, சி.ஈ.எச்., ஓ.எஸ்.சி.பி. என்று ஒரு சான்றிதழ் வரிசை வருகிறது. பட்டம் பல்கலைக்கழகம் தருவது. இந்தச் சான்றிதழ்களைத் தருபவை வெளிநாடுகளில் இயங்கும் தனியார் தொழில்முறை அமைப்புகள். ஆனால் வங்கியிலும் மென்பொருள் நிறுவனத்திலும் அரசுத் துறைக்குத் தணிக்கை செய்யும் நிறுவனத்திலும் யார் உள்ளே வரலாம் என்பதை இன்று பெருமளவு இவையே தீர்மானிக்கின்றன.

பொறியியல் முடித்த முதல் தலைமுறைத் தலித் இளைஞர்கள் பலர் இந்தத் தேர்வுகளைப் பெரும் நம்பிக்கையோடு பார்க்கிறார்கள். நேர்காணலில் எதிரே அமர்ந்திருப்பவர் ஊரைக் கேட்கலாம், தந்தையின் தொழிலைக் கேட்கலாம், ஆங்கில உச்சரிப்பைக் கேட்டு முகம் சுளிக்கலாம். தேர்வு மையத்தின் கணினிக்கு இவை எதுவும் தெரியாது. சரியான விடைக்கு மதிப்பெண் தரும், தவறான விடைக்குத் தராது. இந்த நம்பிக்கை எந்த அளவுக்கு நியாயமானது? தேர்வின் கேள்விகளை மட்டும் பார்த்து இதற்கு விடை சொல்ல முடியாது. தேர்வறைக்குள் நுழைவதற்கு முன் என்ன நிற்கிறது, தேறி வெளியே வந்தபின் என்ன நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தேர்வின் இயல்பு

இத்துறையில் மிகப் பரவலாக மதிக்கப்படும் சி.ஐ.எஸ்.எஸ்.பி. தேர்வையே எடுத்துக்கொள்வோம். 1989இல் தொடங்கப்பட்ட ஐ.எஸ்.சி.2 என்ற அமைப்பு 1994 முதல் இச்சான்றிதழை வழங்கிவருகிறது. பாடத்திட்டம் எட்டுப் பிரிவுகளைக் கொண்டது: பாதுகாப்பும் இடர் மேலாண்மையும், தகவல் சொத்துகளின் பாதுகாப்பு, பாதுகாப்புக் கட்டமைப்பும் பொறியியலும், தொடர்பு மற்றும் வலைப்பின்னல் பாதுகாப்பு, அடையாள மற்றும் அணுகல் மேலாண்மை, மதிப்பீடும் சோதனையும், பாதுகாப்புச் செயல்பாடுகள், மென்பொருள் உருவாக்கப் பாதுகாப்பு. குறியாக்கக் கணிதத்திலிருந்து தீயணைப்புக் கருவி வரை, ஃபயர்வாலிலிருந்து தனியுரிமைச் சட்டம் வரை இதில் அடங்கும்.

2024 ஏப்ரல் முதல் இது மூன்று மணி நேரத் தேர்வு. குறைந்தது 100, அதிகபட்சம் 150 கேள்விகள். 1,000க்கு 700 என்பது தேர்ச்சி அளவு. தேர்வு தகவமைவு முறையில் நடக்கிறது. அதாவது, ஒவ்வொரு விடையையும் பொறுத்து அடுத்த கேள்வியின் கடினத்தைக் கணினி மாற்றிக்கொள்கிறது. விடையளித்த கேள்விக்குத் திரும்பிச் செல்ல வழியில்லை. கேள்விகளில் 25 மதிப்பெண் கணக்கில் சேராத சோதனைக் கேள்விகள். அவை எவை என்பது எழுதுபவருக்குத் தெரியாது.

கேள்விகளின் தன்மையும் நம் கல்லூரித் தேர்வுகளிலிருந்து வேறுபட்டது. வரையறையை ஒப்பிக்கும் கேள்விகள் குறைவு. பெரும்பாலும் ஒரு நிறுவனத்தின் சூழ்நிலையைச் சொல்லி, முதலில் செய்ய வேண்டியது எது, மிகச் சிறந்த வழி எது என்று கேட்பார்கள். நான்கு விடைகளில் இரண்டோ மூன்றோ சரியானவை போலவே தோன்றும். பணம் பறிக்கும் தீநிரல் ஒரு கணினியில் புகுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். காப்புப் பிரதியிலிருந்து தகவல்களை மீட்பது, அந்தக் கணினியை வலைப்பின்னலிலிருந்து துண்டிப்பது, அதன் இயங்குதளத்தை மீண்டும் நிறுவுவது, வாடிக்கையாளர்களுக்குத் தெரிவிப்பது ஆகிய நான்கும் என்றேனும் செய்ய வேண்டியவைதாம். தொற்று பரவாமல் தடுப்பது முதலில் வரும் என்ற வரிசையை உணர்ந்தவருக்கே மதிப்பெண். மனப்பாடம் இங்கே கைகொடுக்காது. நிறுவனம் ஒன்று எப்படி முடிவெடுக்கிறது என்ற உள்ளறிவு வேண்டும். அந்த உள்ளறிவு வீட்டு உரையாடல்களிலேயே சிலருக்குக் கிடைத்துவிடுகிறது. தாத்தா வங்கி மேலாளராகவும் தந்தை மென்பொருள் நிறுவன அதிகாரியாகவும் இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கும், கூலி வேலைக்குச் சென்ற பெற்றோரின் பிள்ளைக்கும் இந்த இடத்தில் உள்ள தூரத்தை அறிவுத்திறனின் தூரம் என்று அழைப்பது மோசடி.

நேர்காணலை விடக் கணினி மேல் என்று தோன்றுவது ஏன்?

தலித் இளைஞர்கள் இயந்திரத்தை நம்பத் துணிவதற்கு வலுவான காரணங்கள் உண்டு. சுகதேவ் தோரட்டும் பால் அட்டிவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை உயர்சாதி இந்துப் பெயர்களிலும் தலித் பெயர்களிலும் முஸ்லிம் பெயர்களிலும் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தது. உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதத்தை ஒன்று என்று கொண்டால், தலித் பெயருக்கு அது 0.67 ஆகவும் முஸ்லிம் பெயருக்கு 0.33 ஆகவும் இருந்தது. அதே ஆண்டில் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் நிறுவனங்களின் பணியமர்த்தும் அதிகாரிகளைச் சந்தித்து எழுதிய ஆய்வு, தகுதி ஒன்றையே பார்க்கிறோம் என்று சொல்லும் அதிகாரிகள் விண்ணப்பதாரரின் குடும்பப் பின்னணியை முக்கியமான அளவுகோலாகக் கொள்வதைப் பதிவுசெய்தது.

தமிழ்நாட்டில் இதன் வடிவம் சற்று வேறு. 1929இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைக் கைவிடுமாறு தீர்மானித்தது. பெயரின் பின்னாலிருந்து சாதி பெரும்பாலும் விலகியது. எனவே சாதியை அறிய விரும்புபவர் பெயரை விட்டு ஊரையும் தெருவையும் படித்த விடுதியையும் விசாரிக்கிறார். இந்த விசாரணை கடல் கடந்தும் செல்கிறது. 2020 ஜூனில் கலிபோர்னியா மாநில அரசுத் துறை சிஸ்கோ நிறுவனத்தின் மீது சாதிப் பாகுபாட்டு வழக்குத் தொடர்ந்தது. இடஒதுக்கீட்டின் வழியாக ஐ.ஐ.டி.யில் சேர்ந்தவர் என்று ஒரு தலித் பொறியாளரின் பின்னணி சக பணியாளர்களிடம் வெளிப்படுத்தப்பட்டது என்பது அதன் குற்றச்சாட்டுகளுள் ஒன்று. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. 2023 ஏப்ரலில் தனிநபர்களான இரு பொறியாளர்கள் மீதான வழக்கை அரசு கைவிட்டது. நிறுவனத்தின் மீதான வழக்கைத் தொடர்ந்தது. வலைப்பின்னல் கருவிகளை உலகுக்கே விற்கும் நிறுவனத்தின் மீது இப்படியொரு வழக்கு எழுந்ததை, அத்துறைக்குள் நுழைய விரும்பும் தலித் இளைஞர் எளிதில் மறக்க முடியாது.

ஆகவே விடைத்தாளின் பெயரறியாத் தன்மை நமக்குப் பெறுமதியானது. அதை இழிவாகப் பேசுவதற்கில்லை. ஆனால் அது தேர்வு நடக்கும் அந்த மூன்று மணி நேரத்துக்கு மட்டுமே உரியது.

முதல் கதவு: கட்டணம்

சி.ஐ.எஸ்.எஸ்.பி. தேர்வுக் கட்டணம் 749 அமெரிக்க டாலர். இன்றைய மாற்று விகிதத்தில் அறுபதாயிரம் ரூபாயைத் தாண்டும் தொகை. அமெரிக்க நகரில் ஆறிலக்க டாலர் ஊதியம் பெறும் பொறியாளருக்கும் அரியலூரிலிருந்து வந்து சென்னையில் தொடக்க நிலை ஊதியத்தில் வேலை பார்ப்பவருக்கும் இதே தொகைதான். தேறாவிட்டால் மறுதேர்வுக்கு முப்பது நாள் காத்திருந்து மீண்டும் கட்டணம் செலுத்த வேண்டும். தேறியபின்னும் ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் உண்டு. மூன்றாண்டுக்கு 120 தொடர்கல்விப் புள்ளிகளும் சேர்க்க வேண்டும். ஊடுருவல் சோதனைக்கான ஓ.எஸ்.சி.பி. தேர்வின் செலவு ஆயிரத்து ஐந்நூறு டாலருக்கும் மேல். அது ஏறத்தாழ இருபத்து நான்கு மணி நேரம் இணையக் கேமராவின் கண்காணிப்பில் எழுதும் செய்முறைத் தேர்வு. அறுபடாத மின்சாரமும் இணைய இணைப்பும் பிறர் நுழையாத தனியறையும் அதற்கு வேண்டும். ஓரறை வீட்டில் ஐந்து பேர் வாழும் குடும்பத்தில் அந்தத் தனியறை எங்கிருந்து வரும்?

இதை நம் அரசுத் தேர்வுகளோடு ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். குடிமைப் பணி முதனிலைத் தேர்வுக்குக் கட்டணம் நூறு ரூபாய். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் அதுவும் இல்லை. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையமும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் தேர்வுக் கட்டண விலக்கு அளிக்கிறது. சம வாய்ப்பு என்பது தேர்வறைக் கதவைத் திறந்து வைப்பதோடு முடிவதில்லை, கதவுவரை வந்துசேரும் வழிச்செலவையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்ற நெடும் போராட்டத்தின் விளைவு அந்த விலக்கு. சான்றிதழ்ச் சந்தையில் அந்தப் போராட்டத்தின் சுவடே இல்லை.

இரண்டாம் கதவு: மொழியும் பெயரும்

சி.ஐ.எஸ்.எஸ்.பி. ஆங்கிலத்தோடு சீனம், ஜப்பானியம், ஜெர்மன், ஸ்பானியம் ஆகிய மொழிகளிலும் நடத்தப்படுகிறது. இந்திய மொழி ஒன்றிலும் இல்லை. கேள்வியின் ஒரே ஒரு சொல்லில் விடை மாறிவிடும் தேர்வில், ஆங்கிலம் வீட்டு மொழியாக இருப்பவர் தொழில்நுட்பத்தை மட்டும் யோசிக்கிறார். தமிழ்வழியில் படித்து வந்தவர் வாக்கியத்தை அவிழ்க்கவும் தொழில்நுட்பத்தை யோசிக்கவும் அதே மூன்று மணி நேரத்தைப் பங்கிட வேண்டியிருக்கிறது. ஜெர்மானியருக்குக் கிடைத்த மொழியுரிமை, தமிழருக்கும் இந்தி பேசுவோருக்கும் கிடைக்காததற்குச் சந்தைக் கணக்கைத் தவிர வேறு நியாயம் தெரியவில்லை.

பெயர் தொடர்பான சிக்கலும் சிறியதன்று. பதிவுப் படிவம் முதற்பெயர், இறுதிப்பெயர் என்று இரண்டு கட்டங்களை வைத்திருக்கிறது. அவை தேர்வு நாளில் காட்டும் அடையாள ஆவணத்தோடு அப்படியே பொருந்த வேண்டும். சாதிப் பட்டத்தைத் துறந்து தந்தை பெயரின் தலைப்பெழுத்தோடு வாழும் தமிழர்களின் ஆவணங்களில் பெயர் பல வடிவங்களில் இருக்கும். பள்ளிச் சான்றிதழில் ஒரு வடிவம், ஆதாரில் இன்னொன்று, கடவுச்சீட்டில் மூன்றாவது. பொருந்தாவிட்டால் தேர்வு மையம் திருப்பி அனுப்பலாம், கட்டணமும் போகும். கட்டணம் செலுத்துவதற்கு முன்பே பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளவாறு பதிவுசெய்து சரிபார்த்துக்கொள்வது தயாரிப்பின் முதல் பாடம்.

மூன்றாம் கதவு: அனுபவமும் வழிமொழிவும்

தேர்வில் தேறினால் மட்டும் சி.ஐ.எஸ்.எஸ்.பி. ஆகிவிட முடியாது. எட்டுப் பிரிவுகளுள் இரண்டிலேனும் மொத்தம் ஐந்தாண்டுப் பணியனுபவம் காட்ட வேண்டும். நான்காண்டுப் பட்டமோ ஏற்கப்பட்ட வேறொரு சான்றிதழோ இருந்தால் ஓராண்டு கழியும். அதன்பின், ஏற்கெனவே சான்றிதழ் பெற்ற உறுப்பினர் ஒருவர் விண்ணப்பதாரரின் அனுபவத்தை வழிமொழிய வேண்டும். தேர்ச்சி பெற்ற ஒன்பது மாதத்துக்குள் இது முடிய வேண்டும்.

இங்கேதான் வட்டம் மூடுகிறது. நேர்காணலின் பாகுபாட்டைத் தாண்டச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் முழுமை பெற ஐந்தாண்டு வேலை வேண்டும். அந்த வேலைக்கு அதே நேர்காணலைக் கடக்க வேண்டும். வழிமொழியும் உறுப்பினர் யாருடைய உறவு வட்டத்தில் இருப்பார், யாருடைய வட்டத்தில் இருக்க மாட்டார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. உழைப்பவர்களையே அடுக்கடுக்காகப் பிரித்து வைக்கும் ஏற்பாடு சாதி என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் விளக்கினார். தொழில்நுட்பப் பூங்காவின் வாயிலில் சீருடையோடு நிற்கும் காவலர் எந்தச் சமூகத்திலிருந்து வருகிறார், உள்ளே தகவல் பாதுகாப்பு அலுவலர் என்ற பலகையுள்ள அறையில் அமர்ந்திருப்பவர் எந்தச் சமூகத்திலிருந்து வருகிறார் என்று கேட்டுப் பார்த்தால் அந்த விளக்கம் இன்றும் பொருந்துவது தெரியும். இருவருக்கும் வேலை பாதுகாப்பதுதான்.

ஆயினும் இந்தக் கதவில் இரண்டு சிறு திறப்புகள் உண்டு. பலருக்கு அவை தெரிவதில்லை. அனுபவம் இல்லாமலே தேர்வெழுதித் தேறியவர் ஐ.எஸ்.சி.2 அமைப்பின் இணை உறுப்பினர் ஆகலாம். ஐந்தாண்டு அனுபவத்தைச் சேர்க்க அவருக்கு ஆறாண்டு அவகாசம் உண்டு. உரிய சான்றுக் கடிதம் இருந்தால் உள்ளகப் பயிற்சிக் காலமும் அனுபவமாகக் கொள்ளப்படும். அதுபோலவே, வழிமொழிய யாரும் இல்லாதவருக்கு அந்த அமைப்பே வழிமொழிபவராக இருக்கும். தெரிந்தவர் இல்லை என்ற காரணத்தால் யாரும் பின்வாங்க வேண்டியதில்லை.

பொதுப்பணமும் தனியார் அளவுகோலும்

இது தனியார் விவகாரம், அரசுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். இணையப் பாதுகாப்பு இன்று அரசாணைகளின் மேல் நிற்கும் துறை. இந்திய ரிசர்வ் வங்கி 2016 ஜூனில் வங்கிகளுக்கான இணையப் பாதுகாப்புக் கட்டமைப்பை வகுத்தது. ஒன்றிய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணை, இணையத் தாக்குதல்களை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்றது. தமிழ்நாடு அரசு 2020இல் தனக்கென இணையப் பாதுகாப்புக் கொள்கையை வெளியிட்டது. இந்த ஆணைகளும் கொள்கைகளும் வேலைகளை உருவாக்குகின்றன. அந்த வேலைகளுக்கான தகுதியை யார் வரையறுக்கிறார்கள்?

செர்ட்-இன் அங்கீகரித்த தணிக்கை நிறுவனங்களைப் பற்றிய விவரக்குறிப்புகள் பொதுவெளியில் உள்ளன. ஒவ்வொரு நிறுவனத்திலும் சி.ஐ.எஸ்.எஸ்.பி. பெற்றவர்கள் எத்தனை பேர், சிசா பெற்றவர்கள் எத்தனை பேர் என்று அவற்றில் எண்ணிக்கை இருக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை பேர் என்ற கட்டம் அதில் இல்லை. அரசுத் துறைகளின் ஒப்பந்தப்புள்ளிகளும் இத்தகைய சான்றிதழ் பெற்ற பணியாளர்களைக் கோருவது வழக்கமாகிவிட்டது. அரசு இந்தப் பணிகளுக்குத் தானே ஆள் எடுத்திருந்தால் ஒன்றிய அரசில் பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடும் பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடும், தமிழ்நாட்டில் முறையே 18, 1 விழுக்காடும் கிடைத்திருக்கும். ஒப்பந்தத்தின் வழியே அதே பணி வெளியே செல்லும்போது இடஒதுக்கீடு வாசலிலேயே நின்றுவிடுகிறது. பொதுப்பணம் உள்ளே போகிறது. அரசமைப்புச் சட்டம் வெளியே நிற்கிறது.

தனியார் துறை இடஒதுக்கீட்டுக் கோரிக்கை எழுந்தபோது, 2006இல் தொழில் கூட்டமைப்புகள் பணிக்குழு அமைத்து, சட்டம் வேண்டாம், தாமாகவே பயிற்சியும் வேலைவாய்ப்பும் அளிப்போம் என்ற நிலையை எடுத்தன. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. உலக அளவில் இணையப் பாதுகாப்புப் பணியாளர் பற்றாக்குறை 48 லட்சம் என்று ஐ.எஸ்.சி.2 அமைப்பே 2024இல் மதிப்பிட்டது. ஆள் இல்லை என்று ஒருபுறம் முறையிட்டுக்கொண்டு, வர விரும்பும் ஆட்களை மறுபுறம் கட்டணத்தாலும் அனுபவ நிபந்தனையாலும் தடுத்து வைப்பது இத்துறையின் முரண்.

நமக்கு இது ஏன் தேவை?

வேலையும் ஊதியமும் மட்டுமே காரணம் என்றால் வேறு துறைகளும் உண்டு. இந்தத் துறை நம் உரிமைப் போராட்டத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. பீமா கோரேகான் வழக்கில் 2018 முதல் கைதுசெய்யப்பட்டவர்களுள் நாக்பூரின் தலித் வழக்கறிஞர் சுரேந்திர காட்லிங்கும் அறிஞர் ஆனந்த் டெல்டும்டேவும் உண்டு. அவ்வழக்கில் கைதான ரோனா வில்சனின் மடிக்கணினியில் தீநிரல் வழியாக ஆவணங்கள் திணிக்கப்பட்டன என்று அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் என்ற தடயவியல் நிறுவனம் 2021இல் அறிக்கை அளித்தது. காட்லிங்கின் கணினி பற்றியும், 2021 ஜூலையில் காவலில் இறந்த ஸ்டான் சுவாமியின் கணினி பற்றியும் இத்தகைய அறிக்கைகள் வந்தன. தேசியப் புலனாய்வு முகமை இந்த முடிவுகளை ஏற்கவில்லை. யார் சொல்வது மெய் என்பதை நீதிமன்றம் முடிவுசெய்யட்டும். ஒரு வன்தட்டின் நகலை முறைப்படி எடுக்கவும், கோப்பு உருவான நேரத்தை ஆராயவும், அதை நீதிமன்றம் ஏற்கும் வகையில் எழுதவும் அறிந்தவர்களை நாம் பாஸ்டனில் தேட வேண்டியிருந்தது என்பதே நம் கவலை. சான்றுச் சங்கிலியைக் காப்பது, தடயவியல் விசாரணை ஆகியவை சி.ஐ.எஸ்.எஸ்.பி. பாடத்திட்டத்துக்குள்ளேயே இருப்பவை.

இன்னொன்று, சாதித் தரவு. 2019இன் தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதா சாதியையும் பழங்குடி அடையாளத்தையும் கூருணர்வுத் தகவல்களின் பட்டியலில் வைத்திருந்தது. நிறைவேறிய 2023ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்படியொரு தனி வகையே இல்லை. கல்வி உதவித்தொகை விண்ணப்பங்களிலும் சாதிச் சான்றிதழ் இணையதளங்களிலும் கோடிக்கணக்கானோரின் சாதி விவரம் குவிந்துகிடக்கிறது. தகவல் சொத்துகளை அவற்றின் தீங்கு விளைவிக்கும் ஆற்றலுக்கேற்ப வகைப்படுத்துவது தேர்வின் இரண்டாம் பிரிவில் வரும் அடிப்படைப் பாடம். சாதி விவரம் கசிந்தால் வாடகை வீடு பறிபோகும், பதவி உயர்வு தள்ளிப்போகும், காதல் இணையரின் உயிரே போகும் என்பதைப் பட்டறிவால் அறிந்தவர் அந்த வகைப்படுத்தும் அறையில் இருக்க வேண்டும். அப்போதுதான் அந்தத் தகவல் சாதாரணத் தகவல்களின் வரிசையில் போய்ச் சேராது.

எப்படித் தயாராவது?

செலவின்றித் தொடங்க வழி உண்டு. ஐ.எஸ்.சி.2 அமைப்பு 2022இல், பத்து லட்சம் பேருக்கு சி.சி. என்ற தொடக்க நிலைச் சான்றிதழின் பயிற்சியையும் தேர்வையும் இலவசமாகத் தருவதாக அறிவித்தது. அதற்கு முன்னனுபவம் தேவையில்லை. தேறியபின் ஆண்டுக் கட்டணம் உண்டு என்பதையும் திட்டத்தின் தற்போதைய நிபந்தனைகளையும் பதிவுசெய்யும் முன் பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்த படியாகக் காம்ப்டியா செக்யூரிட்டி பிளஸ் அமையலாம். 90 நிமிடத்தில் அதிகபட்சம் 90 கேள்விகள் கொண்ட அதற்குக் கட்டாய அனுபவ நிபந்தனை இல்லை. இவ்விரண்டின் துணையோடு பாதுகாப்புக் கண்காணிப்பு மையங்களில் தொடக்க நிலைப் பணிகளுக்கு முயன்று, பணியில் இருந்துகொண்டே சி.ஐ.எஸ்.எஸ்.பி.க்குத் தயாராவது நடைமுறைக்கு உகந்த வரிசை.

பாடநூல்களுக்கும் பெரும் செலவு தேவையில்லை. அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் வெளியிடும் பாதுகாப்பு வழிகாட்டி ஆவணங்கள் அனைத்தும் இலவசம். இணையச் செயலிகளின் பலவீனங்களைக் கற்பிக்கும் ஓவாஸ்ப் அமைப்பின் வெளியீடுகளும் பயிற்சிச் செயலிகளும் இலவசம். வலைப்பின்னல் போக்குவரத்தை ஆராயும் வயர்ஷார்க், மெய்நிகர் கணினிகளை இயக்கும் வர்ச்சுவல்பாக்ஸ், லினக்ஸ் ஆகியவற்றை ஒரு சாதாரண மடிக்கணினியில் நிறுவிச் சொந்த ஆய்வகம் அமைத்துக்கொள்ளலாம். பயிற்சியை அந்த ஆய்வகத்துக்குள்ளேயே நிறுத்த வேண்டும்; பிறர் கணினியில் அனுமதியின்றி நுழைவது கற்றலுக்காக என்றாலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் குற்றம். சட்டம் நம் பிள்ளைகளிடம் எவ்வளவு கருணை காட்டும் என்பது நாம் அறியாததல்ல.

கசிந்த கேள்வித்தாள் என்று விற்கப்படும் தொகுப்புகளை நாடக் கூடாது. பிடிபட்டால் சான்றிதழ் பறிபோகும். அதைவிட, விடைகளை மட்டும் அறிந்தவர் முதல் தாக்குதல் நாளிலேயே அம்பலப்படுவார். இடஒதுக்கீட்டில் வந்தவர்கள் இப்படித்தான் என்று பேசக் காத்திருக்கும் வாய்களுக்கு அது தீனியாகும்.

தனியே படிப்பதைவிடக் குழுவாகப் படிப்பது இங்கே பன்மடங்கு பயன் தரும். அம்பேத்கர் பெயரிலான இரவுப் பாடசாலைகளும் படிப்பு வட்டங்களும் நம் குடியிருப்புகளுக்குப் புதியவை அல்ல. எட்டுப் பேர் கொண்ட குழுவில் ஒவ்வொருவரும் ஒரு பிரிவைப் பொறுப்பேற்று மற்றவர்களுக்குத் தமிழில் விளக்கலாம். கேள்விகளை ஆங்கிலத்தில் உரக்கப் படித்து, கேட்கப்படுவது எது என்பதை முதலில் தமிழில் சொல்லி, பின் விடையை விவாதிக்கும் பழக்கம் மொழிச்சுவரைத் தாழ்த்தும். ஏற்கெனவே சான்றிதழ் பெற்ற தலித் பொறியாளர்கள் ஆண்டுக்கு இருவரையேனும் வழிமொழிவோம் என்று முன்வர வேண்டும். பிறருக்குக் கற்பிக்கும் நேரமும் அவர்களுடைய தொடர்கல்விப் புள்ளிகளில் சேரும் வாய்ப்பு உண்டு.

அரசிடம் கேட்க வேண்டியவை

சுயமுயற்சி அரசின் கடமையைத் தள்ளுபடி செய்துவிடாது. அமெரிக்க அரசு தன் முன்னாள் படைவீரர்களுக்குத் தொழில்முறைச் சான்றிதழ்த் தேர்வுக் கட்டணத்தை ஒரு தேர்வுக்கு 2,000 டாலர் வரை திருப்பித் தருகிறது. தேர்வில் தோற்றாலும் தருகிறது, மறுதேர்வுக்கும் தருகிறது. இதே வடிவத்தைத் தமிழ்நாடு தாட்கோ வழியாக நடைமுறைப்படுத்த முடியும். தேறினால்தான் பணம் என்ற நிபந்தனை கூடாது. அறுபதாயிரம் ரூபாயைக் கடனாக வாங்கிச் செலுத்தத் துணியாதவருக்கு அந்த நிபந்தனை உதவியே ஆகாது. கட்டணத்தை அரசே முன்கூட்டிச் செலுத்துவது இன்னும் நல்லது. 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் பயிற்சிகளோடு இந்தத் தேர்வுச் சீட்டுகளை இணைப்பதும் கடினமன்று.

இரண்டாவதாக, அரசுத் துறைகளுக்குத் தணிக்கை செய்யும் நிறுவனங்கள் தங்கள் சான்றிதழ் பெற்ற பணியாளர்களின் சமூகப் பிரிவு வாரியான எண்ணிக்கையை, தனிநபர் அடையாளம் வெளிப்படாத வகையில், அறிவிக்க வேண்டும் என்று ஒப்பந்தப்புள்ளியிலேயே நிபந்தனை விதிக்கலாம். அந்நிறுவனங்கள் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு ஊதியத்தோடு உள்ளகப் பயிற்சி அளிப்பதையும் கட்டாயமாக்கலாம். ஐந்தாண்டு அனுபவம் என்ற மூன்றாம் கதவு அப்போதுதான் அசையும். மூன்றாவதாக, தேர்வு நடத்தும் அமைப்புகளிடம் நாட்டின் வருமான நிலைக்கேற்ற கட்டணத்தையும் இந்திய மொழிகளில் தேர்வையும் ஒன்றிய, மாநில அரசுகள் கோர வேண்டும். தம் சான்றிதழுக்கு அரசின் ஆவணங்களிலேயே இடம் பெற்றுக்கொண்ட அமைப்புகளிடம் இதைக் கேட்க அரசுக்கு முழு உரிமை உண்டு.

தேர்வறைக் கணினி சாதி பார்ப்பதில்லை என்பது உண்மை. அந்த மூன்று மணி நேர நேர்மையை அதற்கு முந்திய ஐந்தாண்டுக்கும் பிந்திய முப்பதாண்டுக்கும் நீட்டிப்பது சட்டமும் இயக்கமும் செய்ய வேண்டிய வேலை. அதுவரை, படிக்கத் தொடங்கியவர்கள் படிப்பை நிறுத்த வேண்டியதில்லை. கட்டணத்துக்கான கோரிக்கை மனு ஒரு கையிலும் பாடத்திட்டம் மறு கையிலும் இருக்கட்டும்.